கப்பலைத் தட்டிப் பார்ப்பவர் பிறந்த கதை

பாவித்த பாய்மர உல்லாசப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 35 அடி, வயது 30. விற்பவர் சொல்லும் விலைக்கும் வாங்குபவர் மனதில் இருக்கும் விலைக்கும் நடுவே ஒரு மனிதர் வந்து நிற்பார். படகைத் தண்ணீரை விட்டு மேலே தூக்கச் சொல்வார். அடிப்பக்கம் கழுவிக் காயும்வரை பொறுத்திருப்பார். பிறகு கையில் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்து, சாண் சாணாகத் தட்டுவார். கண்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பதம் பார்ப்பவர்களைப் போல அவருக்கும் காதுதான் கருவி. கணீரென்று ஓசை வந்தால் அந்த இடம் உறுதி. ‘டொக்’ என்று மந்தமாக வந்தால் உள்ளே கண்ணாடி நார்ப் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும், அல்லது நடுவில் வைத்த மென்மரம் தண்ணீர் குடித்து ஊறிப் போயிருக்கும். அந்த இடத்தில் சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த சாணுக்கு நகர்வார். மாலையில் அந்த வட்டங்களை எண்ணிப் பார்த்தாலே விலை எவ்வளவு இறங்கப் போகிறது என்பது விற்பவருக்குத் தெரிந்துவிடும்.

இவரைக் கப்பல் சர்வேயர் என்பார்கள். இந்தத் தொழில் பிறந்த கதையை, கடலின் உப்புக்காற்றுக்கூட எட்டாத கண்டி மஹய்யாவவில் இருந்துகொண்டு எழுதக் காரணம் உண்டு. சர்வேயர் பிறந்தது லண்டனில் ஒரு கோப்பிக் கடையில். மலையகத் தமிழர்களில் பலருடைய முன்னோர் இந்த மலைநாட்டுக்கு வரக் காரணமாக இருந்ததும் கோப்பிதான். அந்தக் கோப்பி கடல் தாண்டிப் போன கப்பலுக்கு ஒரு சர்வேயர் இருந்தார். அந்தச் சனம் கடல் தாண்டி வந்த தோணியைத் தட்டிப் பார்க்க யாரும் இருக்கவில்லை. சர்வேயரின் கதையை நான் வாசித்த இடங்களில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னவர்களைக் கண்டதில்லை. அதனால்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கப்பலின் குணம் குற்றம் பார்ப்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. போஜராஜன் பெயரில் வழங்கும் ‘யுக்திகல்பதரு’ என்ற வடமொழி நூல், எந்த மரம் கப்பலுக்கு ஆகும், எது ஆகாது என்று மரங்களை வகை பிரிக்கிறது. கடலில் இருக்கும் காந்தப் பாறை இழுத்துவிடும் என்று சொல்லி, பலகைகளை இரும்பால் பூட்ட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. தமிழில் ‘கப்பல் சாத்திரம்’ என்று ஓர் ஏட்டுச்சுவடி இருக்கிறது. சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அதை அச்சிட்டிருக்கிறது. கப்பலின் முதுகெலும்பான ஏரா என்ற அடிமரத்துக்கு எடுக்கும் மரத்தில் கண் எங்கே விழுந்திருக்கிறது, அளவு எத்தனை, அதற்குப் பலன் என்ன என்றெல்லாம் அதில் வருகிறது. மாட்டுக்குச் சுழி பார்ப்பவர்களின் கண்ணே அங்கேயும் வேலை செய்கிறது. மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏரா மரத்தில் தவறான இடத்தில் கண் விழுந்தால் அந்த இடத்தில்தான் முறியும். பலன் சொல்லும் பாஷையில் தச்சர்கள் அதை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதே என் எண்ணம்.

ஆனால் இவை புதுக் கப்பலுக்கான சாத்திரங்கள். கட்டுபவரும் கட்டுவிப்பவரும் மரத்தின் முன்னே நின்று பார்ப்பவை. பத்து வருடம் கடலில் அடிபட்டு வந்த ஒரு பழைய கப்பலை, அதை ஒருநாளும் கண்ணால் காணாத ஒருவர் நம்பிப் பணம் போட வேண்டுமானால் வேறு ஓர் ஏற்பாடு வேண்டும். அந்தத் தேவை எழுந்தது காப்புறுதித் தொழிலில்.

எட்வர்ட் லொயிட் என்பவர் 1688 அளவில் லண்டன் டவர் தெருவில் கோப்பிக் கடை நடத்தினார். 1691இல் லொம்பார்ட் தெருவுக்கு மாறினார். கப்பல் தலைவர்களும் சரக்குக்காரரும், கப்பல் மூழ்கினால் நட்டத்தை ஏற்கத் துணிந்த பணக்காரரும் அங்கே கூடினார்கள். ஒரு காகிதத்தில் பயணத்தையும் தொகையையும் எழுதி, அதன் கீழே ஆளுக்கொரு பங்காகக் கையெழுத்திடுவார்கள். கையெழுத்துப் போடுபவரோ மேசையை விட்டு நகராதவர். கப்பலோ ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கும். ஏரா உளுத்திருக்கிறதா, பாய் கிழிந்திருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடைக்கு வருகிறவர் போகிறவர் பேசும் பேச்சுத்தான் அவருக்குச் சாட்சி. லொயிட் 1713இல் இறந்த பிறகும் நெடுநாள் இப்படித்தான் ஓடியது.

1760இல் அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். கப்பல்களை நேரில் போய்ப் பார்த்து, நிலையை எழுதிவரச் சிலரை அனுப்பினார்கள். பெரும்பாலும் கடலோடி ஓய்ந்த பழைய கப்பல் தலைவர்கள். நம் கதாநாயகர் பிறந்தது இங்கேதான். அவர்கள் கொண்டுவந்த விபரங்களை அச்சில் கோத்து 1764இல் வந்த பதிவேடுதான் இன்று கையில் கிடைப்பவற்றில் மிகப் பழையது.

அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே அந்தத் தொழிலின் புத்தி தெரியும். ஒரு கப்பலுக்கு ஒரு வரி. கப்பலின் பெயர், அதற்கு முன்னே வேறு பெயர் இருந்தால் அதுவும். தலைவர் யார், எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை தொன், எத்தனை ஆள், எத்தனை பீரங்கி, எந்த ஊரில் எந்த வருடம் கட்டியது, உடையவர் யார். வரியின் கடைசியில் இரண்டே எழுத்து. முதல் எழுத்து உடற்கட்டுக்கு: ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஆங்கில உயிரெழுத்து ஐந்தில் ஒன்று, ஏ என்றால் முதல்தரம், யூ என்றால் கடைத்தரம். இரண்டாவது எழுத்து பாய், கயிறு, நங்கூரம், பாய்மரம் முதலிய தளபாடங்களுக்கு: நன்று, நடுத்தரம், மோசம் என்று மூன்றில் ஒன்று. உடலையும் தளபாடத்தையும் பிரித்துப் பார்த்ததுதான் அவர்களின் கெட்டித்தனம். பாயும் கயிறும் பணம் கொடுத்தால் மாற்றலாம். உளுத்த ஏராவை மாற்றுவது கப்பலையே திரும்பக் கட்டுவதற்குச் சமம். இன்றைய சர்வேயரின் அறிக்கையும் இந்தப் பிரிவிலேயே நிற்கிறது.

1775–76 பதிவேட்டில் தளபாடத்துக்கு எழுத்தின் இடத்தில் இலக்கம் வந்திருக்கிறது. உடற்கட்டு ஏ, தளபாடம் 1. உலகம் முழுக்கச் சொல்லப்படும் ‘ஏ1’ இப்படிப் பிறந்தது.

அந்தப் புத்தகம் சங்கத்து உறுப்பினருக்கு மட்டுமே உரியது. கப்பலைப் பார்த்தது யாருக்காக என்ற கேள்விக்கு இதுவே பதில்: பணம் போட்டவருக்காக. அந்தக் கப்பலில் ஏறிப் போகிற மாலுமி, தன் கப்பலுக்குப் போட்ட எழுத்து என்ன என்று பார்க்க வழியில்லை.

முதல் பெரிய சண்டையும் பணத்தை ஒட்டியே வந்தது. 1790களின் கடைசியில் சங்கம் விதியை மாற்றி, கப்பலைக் கட்டிய ஊரையும் அதன் வயதையும் வைத்தே வகுப்புக் கொடுக்கத் தொடங்கியது. தேம்ஸ் நதிக்கரையில் கட்டிய கப்பலுக்குக் கூடிய சலுகை. மற்ற ஊர்க் கப்பல் எவ்வளவு பேணி வைத்திருந்தாலும் வயது வந்ததும் ஏ போய்விடும். கப்பல் உடைமையாளர்கள் கொதித்தெழுந்து 1799இல் தங்களுக்கென்று தனிப் பதிவேடு போட்டார்கள். காப்புறுதிக்காரருடையது பச்சைப் புத்தகம், இவர்களுடையது சிவப்புப் புத்தகம். ஒரே கப்பலுக்கு இரண்டு சாதகம். ஒரு தலைமுறைக்கு மேல் இழுபறிப்பட்டு, இரண்டு தரப்பும் கடனில் மூழ்கும் நிலை வந்தபோதுதான் 1834இல் ஒன்றுசேர்ந்து லொயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற அமைப்பைப் புதிதாக நிறுவினார்கள்.

இந்தச் சண்டையில் ஓர் அடிப்படைக் கேள்வி இருந்தது. பழைய பொருளுக்கு மதிப்புப் போடும்போது அதன் வயதைப் பார்ப்பதா, நிலையைப் பார்ப்பதா? 1834க்குப் பிந்திய விதிகள் இரண்டுக்கும் இடம் கொடுத்தன. வயது போனாலும் திரும்பச் சோதித்து, பழுது பார்த்து, மறுபடி வகுப்பை மீட்கலாம். படகு வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் வார்த்தையும் இதுவே: கட்டிய வருடத்தைக் கேட்டு முகம் சுளிக்காமல், கடைசி பத்து வருடத்துப் பழுதுபார்த்த பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள்.

இனி மலைக்கு வருவோம். 1834இன் வகுப்புகள் கப்பல் ஏற்றும் சரக்கை வைத்துப் பிரிக்கப்பட்டவை. நனைந்தால் கெடும் சரக்கை எந்தத் தூரத்துக்கும் கொண்டுபோகத் தக்கது முதல் வகுப்பு. கடல்நீர் பட்டாலும் கெடாத சரக்கை மட்டும் ஏற்றத் தக்கவை கீழ் வகுப்பு. அதே காலத்தில் கண்டியைச் சுற்றிய காடுகள் கோப்பித் தோட்டங்களாகிக்கொண்டிருந்தன. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியிலும், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலும் கோப்பி பயிரிட்டார்கள். 1840களில் அது ஒரு வெறியாகவே பரவியது. கோப்பிக்கொட்டை ஈரத்துக்கும் வாடைக்கும் பயந்த சரக்கு. கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் தண்ணீர் எட்டிப் பார்த்தால் மூட்டை முழுதும் பூஞ்சணம். ஆகவே கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போகும் கோப்பிக்கு உறுதியான கப்பல் தேடப்பட்டது; பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று இறுக்கமாக இருக்கிறதா, ஏராவை ஒட்டிய முதற்பலகை சுகமாக இருக்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட கப்பல்.

அந்தக் கோப்பியைப் பறிக்க வந்தவர்கள் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணிகளில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து வடபாதை வழியே, தம்புள்ள, மாத்தளை தாண்டி, காடும் காய்ச்சலும் வாந்திபேதியும் தின்றது போக எஞ்சியவர்கள் கண்டியை வந்தடைந்தார்கள். மாத்தளையிலிருந்து கண்டிக்குள் நுழையும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து வாசலில்தான் மஹய்யாவ இருக்கிறது. கொழும்பு–கண்டி ரயில் 1867இல்தான் வந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயிலோடு இணைந்த கப்பல் சேவை 1914இல். அதற்கு முந்திய தலைமுறைகள் எல்லாம் தோணியையும் கால்களையும் நம்பியவை. 1864இல் ‘ஆதிலெட்சுமி’ என்ற கப்பல் தொழிலாளர்களோடு மூழ்கியதையும், 120 பேர் மாண்டதையும் மலையக வரலாற்றை எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தோட்டங்களில் அது இன்றும் கதையாகச் சொல்லப்படுகிறது.

கோப்பி மூட்டைக்குக் காப்புறுதி இருந்தது. அதனால் கோப்பி ஏறும் கப்பலுக்கு ஒரு கண் இருந்தது. தோணியில் வந்தவரின் உயிர் யாருடைய பேரேட்டிலும் சரக்காகக்கூட ஏறவில்லை. கப்பல் சோதனையின் வரலாற்றில் எனக்கு நெஞ்சு கனக்கிற இடம் இதுதான். சோதிக்கும் அறிவு உலகத்தில் இருந்தது; நூறு வருடமாக அச்சில் இருந்தது; அதே மலையின் விளைச்சலுக்கு நாள்தோறும் பயன்பட்டுக்கொண்டும் இருந்தது.

இங்கிலாந்தின் மாலுமிகளுக்கும் இந்த அறிவு சும்மா கிடைத்துவிடவில்லை. மூழ்கினால் காப்புறுதிப் பணம் வரும் என்ற தைரியத்தில் உளுத்த கப்பல்களில் அளவுக்கு மிஞ்சி ஏற்றி அனுப்பிய முதலாளிகள் இருந்தார்கள். சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அவற்றுக்குப் பெயர். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த பிறகு கப்பலின் நிலையைப் பார்த்து ஏற மறுத்த மாலுமி சிறைக்குப் போனான். 1871இல் வந்த ஒரு சட்டம் சிறு சன்னலைத் திறந்தது: ஓடிப்போன குற்றத்துக்காக நிறுத்தப்பட்ட மாலுமிகள், கப்பல் கடலுக்கு ஆகாது என்று நாலில் ஒரு பங்கு பேராவது சொன்னால், கப்பலைச் சோதிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். எண்ணிப் பாருங்கள்: தான் ஏறும் கப்பலைச் சோதிக்கச் சொல்லும் உரிமை மாலுமிக்குக் குற்றவாளிக் கூண்டில் நின்ற பிறகே கிடைத்தது.

டார்பி தொகுதி உறுப்பினர் சாமுவேல் பிளிம்சோல் 1873இல் மாலுமிகளின் நிலையைப் புத்தகமாக எழுதினார். 1875இல் நாடாளுமன்றத்தில் கப்பல் முதலாளிகளை வில்லன்கள் என்று கத்தி, சபையையே கலங்கடித்தார். 1876இல் சட்டம் வந்தது. கப்பலின் விலாவில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும். அந்தக் கோடு தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு ஏற்றக் கூடாது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதை உடைமையாளரின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். அது சட்டப்படி நிலைபெற 1890 வரை ஆயிற்று. கொழும்புத் துறைமுகத்துக்குப் போனால் இன்றும் எந்தச் சரக்குக் கப்பலின் விலாவிலும் அந்த வட்டத்தைக் காணலாம். சர்வேயரின் உள்ளிருந்த கண், கரையில் நிற்கும் எவரும் படிக்கக்கூடிய ஒரு கோடாக வெளியே வந்த நாள் அது.

இதே கால எல்லையில்தான் உல்லாசப் படகுகளும் இந்தக் கணக்குக்குள் வருகின்றன. சீமான்கள் பாய்மரப் படகு வைத்துப் பந்தயம் விடுவது பெருகி, படகுகள் கைமாறுவதும் பெருகியது. லொயிட்ஸ் ரெஜிஸ்டர் 1878இல் உல்லாசப் படகுகளுக்கென்று தனிப் பதிவேடு வெளியிட்டது. சரக்கே ஏற்றாத கலம். அப்படியிருக்க எதற்கு வகுப்பு? இங்கே ஏறியிருப்பது உடையவரின் சொந்த உயிரும் அவர் குடும்பமும். வாங்குபவரே பணம் கொடுத்துத் தனக்காக ஒரு சர்வேயரை அமர்த்தும் வழக்கம் இந்தக் கலங்களில்தான் வேரூன்றியது. உல்லாசம் என்று நாம் தள்ளி வைக்கும் இடத்திலிருந்து ஒரு நல்ல வழக்கம் வந்திருக்கிறது.

வாங்க வந்த ஒருவர் பழைய கலத்தைப் பார்த்து மயங்கிய கதை நம் கரையிலும் உண்டு. வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் 32 அடி நீளமான ‘ஸ்வாப்’ என்ற படகில் 1928க்கும் 1931க்கும் இடையே உலகைச் சுற்றி வந்தவர். அவர் இலங்கைக்கு வந்து, வல்வெட்டித்துறையில் சுந்தர மேஸ்திரியார் கைப்பட உருவான ‘அன்னபூரணி’ என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை விலைக்கு வாங்கினார். 89 அடி நீளம். ரங்கூன் அரிசியும் தேக்கும் ஏற்றிப் பழகிய துறையின் கப்பல். மேற்கே இரும்பும் நீராவியும் எப்போதோ மரக்கலத்தை விரட்டிவிட்ட காலம். வல்வெட்டித்துறையில் மட்டும் மேஸ்திரிமார் காகிதத்தில் வரைபடம் இல்லாமல், கண்ணளவும் கயிற்றளவும் கொண்டு அப்போதும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியொரு மரக்கப்பலை வாங்க வருகிறவர் எதைப் பார்ப்பார்? முதலில் தூர நின்று ஏராவின் வரியைப் பார்ப்பார். பழைய கப்பல் முன்புறமான அணியமும் பின்புறமும் தொய்ந்து நடுமுதுகு எழும்பிவிடும்; அந்த வளைவு எவ்வளவு என்பது அதன் வாழ்நாளைச் சொல்லும். பிறகு குத்தூசி. ஏராவை ஒட்டிய பலகையில், பாய்மரத்தின் அடி இருக்கும் குழியில், மழைநீர் தேங்கும் மேற்தட்டின் ஓரத்தில், விலாவெலும்பு போன்ற வங்குக்கால்கள் ஏராவோடு கூடும் மூலையில் குத்திப் பார்ப்பார். நல்ல மரம் ஊசியைத் தள்ளும். உளுத்த மரம் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கப்பற்புழு துளைத்த பலகை இன்னும் ஆபத்து: வெளியே குண்டூசி முனையளவு துவாரம், உள்ளே விரல் நுழையும் குழாய்கள். கலப்பற்றில் ஒரு முழம் பஞ்சைப் பிடுங்கி முகர்ந்து பார்ப்பதும் உண்டு. புளித்த வாடை வந்தால் பலகையின் விளிம்பு கெட்டிருக்கிறது. ஆணி துருப்பிடித்து அழுதால் பலகையில் கறுப்பாக ஒரு கண்ணீர்க் கோடு வடிந்திருக்கும்.

இத்தனை சோதனையையும் அன்னபூரணி தாங்கியிருப்பாள் என்பதற்குச் சான்று அட்லாண்டிக். 1937இல் வல்வெட்டித்துறையை விட்டாள். ரொபின்சன் மனைவியின் பெயரால் ‘ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்’ ஆனாள். சுயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்மியூடா வழியே 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மாசசூசெட்சு மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டாள். ஓட்டிச் சென்றவர்களில் வல்வெட்டித்துறையார் ஐவர். அவர்களுக்குத் தலைவரான தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. எந்த வகுப்புப் புத்தகத்திலும் ஏ வாங்காத மேஸ்திரிமாரின் கைவேலை, ஏ வாங்கிய கப்பல்கள் மூழ்கிய கடலைக் கடந்தது. எழுத்து இல்லை என்பதால் தரம் இல்லை என்று ஆகிவிடாது. வல்வெட்டித்துறையில் கப்பலைக் கட்டுவிப்பவரும் ஓட்டுபவரும் ஒரே ஊர். பல வேளை ஒரே குடும்பம். தன் தம்பி ஏறப்போகும் கப்பலுக்குப் புழுத்த பலகை வைக்கும் மேஸ்திரியார் அந்த ஊரில் குடியிருக்க முடியாது. தோணியில் மன்னாருக்கு வந்த கூலிச் சனத்துக்கு இல்லாமல் போனது இந்த உறவு. உறவும் இல்லை, சர்வேயரும் இல்லை.

மரத்தின் இடத்தைக் கண்ணாடி நார் பிடித்தது 1950களிலும் 60களிலும். உளுக்காது, புழு தின்னாது, நூறு வருடம் கிடக்கும் என்றார்கள். ஒருபங்கு உண்மை. ஆனால் அதற்கும் தனி நோய்கள் உண்டு. தண்ணீரிலேயே வருடக்கணக்கில் கிடக்கும் படகின் மேற்பூச்சுக்குள் நீர் மெல்லக் கசிந்து, உள்ளிருக்கும் பிசினோடு சேர்ந்து, கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒன்றைக் குத்திவிட்டால் வினாகிரி வாடையோடு வழுவழுப்பான நீர் வடியும். சில கொப்புளம் பயப்பட ஒன்றுமில்லை. அடிமுழுதும் பரவியிருந்தால் பூச்சைச் சீவி எடுத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, புதிதாகப் பூச வேண்டும். அந்தச் செலவு படகின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

சர்வேயர் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை மிகச் சின்னது. படகின் அடியில் கடல்நீரை உள்ளே எடுக்கும் குழாய்வாய்கள் இருக்கும், பித்தளை வால்வுகள். சர்வேயர் கத்திமுனையால் அதன் மேலே படிந்த பாசியையும் களிம்பையும் சுரண்டுவார். மஞ்சளாகப் பளிச்சிட்டால் சுகம். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், பித்தளையிலிருந்த துத்தநாகத்தைக் கடல் உறிஞ்சிக்கொண்டு செம்பின் கூட்டை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. பார்க்க முழுசாக இருக்கும். கையால் அழுத்தித் திருப்பினால் பிட்டுப்போல உதிரும். இரவில் அது உதிர்ந்தால், காலையில் படகு துறைமுகத்தின் அடியில் கிடக்கும். சில ஆயிரம் ரூபா பெறுமதியான ஒரு வால்வின் நிறத்தில் முழுப் படகின் உயிரும் இருக்கிறது.

அதன் பிறகு ஏராவை உடலோடு பூட்டும் மரைகள், சுக்கானின் ஆட்டம், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் துருவேறா உருக்குக் கம்பிகளும், அவை தட்டினூடாக இறங்கிப் பிணைந்திருக்கும் தகடுகளும். கம்பியின் நுனியில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் தாண்டிய கம்பிகளை மாற்றச் சொல்லிக் காப்புறுதிக் கம்பனிகளே கேட்பது வழக்கம். என்ஜின் அதிகம் ஓடிக் கெடுவதைவிட ஓடாமல் கெடுவதே பாய்மரப் படகில் கூடுதல். கடைசியாகக் கடலில் ஓட்டிப் பார்ப்பது.

விலை இதற்குப் பிறகே வரும். வாங்குபவர் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு முற்பணம் கட்டி, சோதனை முடிவுக்குக் கட்டுப்பட்டே பேச்சை எழுதிக்கொள்வார். சர்வேயர் குறைகளை மூன்றாகப் பிரிப்பார்: கடலுக்கு இறங்குமுன் செய்ய வேண்டியவை, இந்த வருடத்துக்குள் செய்ய வேண்டியவை, அழகுக்கானவை. அதே வகைப் படகுகள் சமீபத்தில் போன விலையை எடுத்து, முதல் இரண்டு வகைச் செலவையும் கழித்து ஒரு தொகை சொல்வார். புதுப் பாய், புது மின்கருவி என்று விற்பவர் அடுக்கும் செலவெல்லாம் விலையில் முழுதாக ஏறாது. கொட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பாதது படகுத் தொழிலின் பழைய வழக்கம். சோதனைக் கூலியை விற்பவரிடம் வாங்காத சர்வேயரை மட்டும் அமர்த்துங்கள். அவர் யாருக்காகத் தட்டுகிறார் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

இலங்கையில் உல்லாசப் படகு வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். காலியில் வந்து தங்கும் வெளிநாட்டுப் படகுகளைத் தவிர, கரை நெடுகக் கண்ணாடி நார்க் கலங்கள் மீனவருடையவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவிப் பணத்தில் அவசர அவசரமாகப் படகுகள் வார்த்துக் கொடுக்கப்பட்டன. அவற்றில் தரம் குறைந்தவை கலந்திருப்பதாகவும் கடலில் ஆபத்து என்றும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு எச்சரித்தது. படகு கட்டுபவர்களுக்குப் பயிற்சியும் தந்தது. கொடுத்தவர்கள் எண்ணிக்கையைக் கணக்கில் எழுதினார்கள். ஏறிப் போகிறவனுக்காக அந்தப் படகைத் தட்டிப் பார்க்க யார் வந்தார்கள் என்று கேட்டால், மன்னார்க் கரையில் கேட்ட அதே கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. அரசும் மீனவர் சங்கங்களும் ஒவ்வொரு இறங்குதுறைக்கும் வாங்குபவர் பக்கம் நிற்கும் ஒரு சர்வேயரைத் தர வேண்டும் என்று நான் உரத்தே சொல்வேன்.

அதுவரை, பாவித்த கண்ணாடி நார்ப் படகு பார்க்கப் போகிறவர் தானே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வெளியே வர்ணம் பூசாத இடமாகப் பார்த்து, இருட்டிய பிறகு ஒருவர் உள்ளே இருந்து பலமான டோர்ச் வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். வெளிச்சம் ஒரே சீராகத் தெரிந்தால் படைகள் ஒரே தடிப்பு. திட்டுத் திட்டாகப் பளிச்சென்று தெரியும் இடம் மெல்லியது. நாரும் பிசினும் சேராமல் காற்றடைத்த இடங்கள் புள்ளி புள்ளியாகக் காட்டும். அணியத்திலும், என்ஜின் பூட்டும் பின்பலகையின் மூலைகளிலும், ஏராக் கோட்டிலும் அப்படித் தெரிந்தால் அந்தப் படகை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.